நூற்று முப்பத்துமூன்று

சுரபாயா
12 செப்டம்பர் 1999

அன்பு மருமகள் லஸ்தினிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நின்றபடி படித்தால் விழுந்துவிடுவாய், பாத்தாம் தீவில் உன்னைத் தூக்கிவிட நான் பக்கத்தில் இல்லை.

இன்றைய தேதிக்கு நம் சந்தில், சந்து என்ன சந்து, வோனோக்ரோமோ பாலத்துக்கு இந்தப் பக்கம் முழுவதிலும் மிக வேகமான கம்ப்யூட்டர் யாருடையது தெரியுமா? உன் புருஷன் பிரமுஜி, பாவம், வாங்கி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தானே, அதுதான். அதை அப்படி ஆக்கியவன் யார் தெரியுமா? ஆறாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்து, இருபது வருஷம் மூன்று சக்கர பெமோ வண்டி ஓட்டிய உன் தாய்மாமன் கார்சோனோ.

கதையைக் கேள். சந்து முனையில் தோயிப், வாடகைக்கு விட என்று புதிதாக ஒரு கம்ப்யூட்டர் இறக்கினான். 450 வேகமாம். நம் முன்னறையில் டைப்பிங்குக்கு வாடகை எடுத்து உட்காரும் கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே நழுவினார்கள். நேற்றுவரை என்னை 'அண்ணே அண்ணே' என்றவன்கள், வாசலைத் தாண்டும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு போகிறான்கள். நான் சும்மா இருப்பேனா? கோ லியோங்கின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"என்னண்ணே, பெமோவ வித்துட்டு ராக்கெட் ஓட்டப் போறீங்களா?" என்றார் அவர்.

"ராக்கெட்டுக்கு மட்டும் கியர் இல்லியா கோ? விஷயத்தச் சொல்லுங்க."

சொன்னார். பிரமுஜி வாங்கிய பிராசஸரின் மேல் 300 என்று போட்டிருக்கிறதே தவிர, அதற்குள் இருப்பது 450 ஓடக்கூடிய குதிரை. ஒரே அச்சில் வார்த்த பிள்ளைகளில் ஒருவனுக்குச் சின்னச் சட்டை மாட்டி அனுப்பிவிட்டார்களாம். சட்டையைக் கழற்றினால் ஓடும். இதற்கு ஓவர்க்ளாக் என்று பெயர். மதர்போர்டில் வரிசையாகக் கம்பிகள், அதில் ஒன்றின் தலையில் அரிசி மணி அளவுக்கு ஒரு கறுப்புத் தொப்பி. அதை 66 என்று எழுதிய இடத்திலிருந்து பிடுங்கி 100 என்ற இடத்தில் மாட்ட வேண்டும். 66-ஐ நாலரை மடங்காக்கி 300 ஓடியது, 100-ஐ நாலரை மடங்காக்கி 450 ஓடும். கணக்கு பார், எப்படிச் சொல்கிறேன்!

வீட்டில் செய்தேன். முதல் தடவை திரை கறுப்பாகவே நின்றது. நாற்பது பேர் வாசலில் கூடிவிட்டார்கள். (உன் அத்தை ருக்மி நாலு பேர் என்பாள். அவளுக்கு எண்ணத் தெரியாது.) நான் கலங்கவில்லை. மூடியைத் திறந்தபடி வைத்து, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேரே திருப்பினேன்.

"அது என் ஃபேனு! நான் வேர்த்துச் சாவணுமா?" என்று கத்தினாள் அத்தை.

"நீ செத்தா இன்னொருத்தி கெடைப்பா. இது போனா கெடைக்காது" என்றேன். வாசல் முழுக்கச் சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாவது தடவை எழுந்தது பார், திரையில் 450!

பயப்படாதே. சாயங்காலம் வழக்கம்போலக் கினாந்தி என் மடியில் ஏறி, "அப்பா போடு" என்றாள். அந்தக் குரல் பதிவைப் போட்டேன். பிரமுஜி எப்போதும்போல இங்கிலீஷில் தடுமாறி, சிரித்து, தன்னையே திட்டிக்கொண்டு பேசினான். குரலில் ஒரு கீறல் இல்லை. அவனே இருந்திருந்தால் என் தோளில் தட்டியிருப்பான்.

உன் மாமா,
கார்சோனோ

---

பாத்தாம்
25 செப்டம்பர் 1999

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். விடுதியில் பன்னிரண்டு பேருக்கு ஒரே அறை, கட்டிலைத் தவிர உட்கார வேறு இடம் இல்லை.

கம்ப்யூட்டரை வாடகைக்கு விடுங்கள், டைப் அடிக்க விடுங்கள் என்று நான்தான் சொன்னேன். மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பும்போது உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னேன், நினைவிருக்கிறதா? "அதுக்குள்ள அவர் இருக்காரு மாமா" என்றேன். "என் உசிரு இருக்கற வரைக்கும் ஒரு ஸ்க்ரூ திறக்கமாட்டேன்" என்றீர்கள். சந்து முனையில் ஒருவன் புதிதாக ஒன்று வாங்கினால் அந்த உயிர் போய்விடுமா?

அவர் புகைப்படம் என்னிடம் நிறைய இருக்கிறது. குரல் அந்த ஒன்றுதான். இந்தத் தொழிற்சாலை வேலைக்கு நேர்காணல் வரும் என்று மைக்கை வைத்துக்கொண்டு அவர் பேசிப் பழகியது. நடுவில் நான் சமையலறையிலிருந்து "சோறு ஆறுது" என்று கத்துகிறேன். "ஆறட்டும், வேலை கிடைச்சா சுடச்சுடத் தின்னலாம்" என்கிறார். அப்போது இரண்டு வயதான கினாந்தி அழுகிறாள். அவ்வளவுதான் இருக்கிறது. நேர்காணல் கடிதம் வருவதற்குள் டெங்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவருக்குப் பதில் நான் வந்து இங்கே நிற்கிறேன்.

அந்தக் கோப்பு ஃப்ளாப்பியில் அடங்காது. லெபரான் பெருநாளுக்கு ஊருக்கு வரும்போது ஹார்டு டிஸ்கை நானே கையில் எடுத்துக்கொண்டு போய், சிடி எழுதும் எந்திரம் இருக்கிற இடத்தில் நகல் எடுப்பதாக இருக்கிறேன். அதற்கு முன் எனக்கு விடுப்பு இல்லை. நீங்கள் எடுத்து வைத்துவிடுங்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வழியில் யாரிடமாவது பெருமை பேசி எங்காவது வைத்துவிட்டு வந்துவிடுவீர்கள்.

இங்கே நான் என்ன செய்கிறேன் தெரியுமா? கம்ப்யூட்டருக்குள் போகும் சில்லுகளை அடுப்பு மாதிரி ஒரு பெட்டியில் வைத்துச் சூடேற்றி ஓட்டுவார்கள். தாங்காதது செத்துவிடும். செத்ததைப் பொறுக்கித் தொட்டியில் போடுவது என் வேலை. சூடு என்ன செய்யும் என்று கண்ணால் பார்ப்பவள் சொல்கிறேன். இறக்கிவிடுங்கள். உங்களுக்கு முழுவதும் இறக்க மனசு வராது என்று எனக்குத் தெரியும், தோயிப் சிரிப்பான் என்பீர்கள். சரி, பாதியாவது குறையுங்கள். நடுவில் எங்காவது வையுங்கள். அதுவாவது செய்யுங்கள் மாமா.

கினாந்திக்கு இருமல் நின்றதா? அதை எழுதவே இல்லையே.

லஸ்தினி

---

சுரபாயா
9 அக்டோபர் 1999

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை அத்தை உரக்கப் படித்தாள். "நீங்க எப்படிப் பெருமை பேசுவீங்கன்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று வேறு சொன்னாள். பிறகு ஸ்க்ரூ டிரைவரை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பெண்கள் சேர்ந்தால் ஓர் ஆண்மகன் என்ன செய்வான்?

கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். நான் பெமோ ஓட்டிய காலத்தில் வெள்ளம் கழுத்து மட்டும் நின்ற ரோட்டில் பதினெட்டுப் பேரையும் ஒரு ஆட்டையும் ஏற்றிக்கொண்டு, ஒரு சொட்டு நனையாமல் கொண்டுபோய் இறக்கியவன். என்னிடம் ஒப்படைத்த எதுவும் உடைந்ததில்லை. ஆனாலும் நீ எழுதியதில் 'அதுவாவது' என்ற இடத்தில் மை கலைந்திருந்தது.

இறக்கிவிட்டேன். உன் சொல்படியே நடுவில். 66-க்கும் 100-க்கும் நடுவே 75 இருக்கிறது, 83 இருக்கிறது. 83-இல் வைத்தேன். இப்போது ஓடுவது 375. தோயிப்புக்குக் கொஞ்சம் பின்னால், ஆனால் மானம் போகாத தூரத்தில். கோ லியோங்கிடம் கேட்டுக்கொண்டீர்களா என்று கேட்பாய். ஏற்றுவதற்குத்தான் ஆள் வேண்டும், இறங்குவதற்கு எவனைக் கேட்க வேண்டும்? பிரேக் பிடிக்க லைசென்ஸா?

பிராசஸரைத் தொட்டுப் பார்த்தேன். முன்பு தோசைக்கல் மாதிரி இருந்தது (கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன்), இப்போது காய்ச்சல் இறங்கிய பிள்ளையின் நெற்றி மாதிரி இருக்கிறது. அத்தைக்கு அவள் ஃபேன் திரும்பக் கிடைத்துவிட்டது.

தோயிப் வாசலில் நின்று, "என்ன கார்சோனோண்ணே, குதிரை கழுதையாயிடுச்சாமே?" என்றான். "இது என் மருமகளோட கழுதை. அவ சொன்னா நிக்கும், சொன்னா ஓடும்" என்றேன். என் வாழ்நாளில் வாய்ச்சண்டையில் நான் தோற்றுக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. இதை நீ எங்காவது குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கினாந்திக்கு இருமல் நின்றுவிட்டது. ராவோன் கறிக்குழம்பில் சோற்றைப் பிசைந்து இரண்டு தட்டுச் சாப்பிடுகிறாள். நாலு தட்டு என்று எழுத நினைத்தேன், நீ நம்ப மாட்டாய்.

மாமா

---

பாத்தாம்
24 அக்டோபர் 1999

அன்புள்ள மாமாவுக்கு,

இறக்கிவிட்டேன் என்ற வரியை நாலைந்து தடவை படித்தேன். அன்று வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டேன். பக்கத்துக் கட்டில் ஸீத்தி, "மூஞ்சியில இன்னிக்குத்தான் ரத்தம் தெரியுது. யாரு கடிதம், புதுமாப்பிள்ளையா?" என்றாள். "எங்க மாமா. பொய் சொல்லாம ஒரு கடிதம் எழுதியிருக்காரு" என்றேன்.

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். நீங்களும் அத்தையும் இல்லையென்றால் கினாந்தியை நான் எங்கே விட்டிருப்பேன்? அது தெரியாதவள் இல்லை. இங்கே கையுறை மாட்டி, முகத்தை மூடி, கண் மட்டும் தெரிய நிற்கிறோம். வேலை நேரத்தில் யாரும் யாரோடும் பேசக்கூடாது. பேசாமல் பேசாமல், எழுத உட்கார்ந்தால் எல்லாம் சண்டையாகத்தான் வெளியே வருகிறது.

தோயிப்பிடம் தோற்றுக் கொடுத்ததற்கு நன்றி. அது உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

கினாந்தி அப்பா குரலைக் கேட்கும்போது என்ன செய்கிறாள்? சிரிக்கிறாளா, சும்மா இருக்கிறாளா? எழுதுங்கள். இருக்கிறபடியே எழுதுங்கள்.

லஸ்தினி

---

சுரபாயா
14 நவம்பர் 1999

அன்பு மருமகளுக்கு,

மழை தொடங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மழை! சந்தில் மீன் பிடிக்கிறார்கள். எதிர்வீட்டுக் கோழி எங்கள் ஓட்டின்மேல் குடித்தனம் நடத்துகிறது. அத்தைக்கு முழங்கால் வலி. எனக்கு ஒன்றும் இல்லை, நான் இரும்பு.

கினாந்தி அப்பா குரலைக் கேட்கும்போது என்ன செய்கிறாள் என்று கேட்டிருந்தாய். கூடவே சொல்லுவாள். மூன்று வயதுப் பிள்ளை, அவன் எங்கே மூச்சு வாங்குகிறானோ அங்கே தானும் வாங்குவாள். நீ "சோறு ஆறுது" என்று கத்தும் இடம் வந்தால் என் மடியிலிருந்து இறங்கி, சமையலறைப் பக்கம் ஓடி எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். ஒவ்வொரு தடவையும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், பெரிதுபடுத்தாதே. விவசாயக் கல்லூரிப் பையன் சுனார்தோ நம்மிடம் அவன் ஆய்வேட்டை அடித்துக்கொண்டிருக்கிறான் இல்லையா? போன வாரம் வந்து திறந்தவன் அலறினான்.

"என்னண்ணே இது? நெல்லு பத்தி எழுதி வெச்சேன். கோழி கிறுக்கின மாதிரி மொளைச்சிருக்கு!"

"உரம் ஜாஸ்தியாப் போட்டிருப்ப" என்றேன். அவன் சிரிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது. அவன் ஃப்ளாப்பியிலிருந்து ஏதோ வைரஸ் வந்திருக்க வேண்டும். இதைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும், வைரஸ் மழைக்காலத்தில்தான் அதிகம்.

பிரமுஜியின் குரலிலும் அங்கங்கே பட்டாசு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு இடத்தில்தான். மூன்று இருக்கலாம். "அப்பாவுக்கு இருமல்" என்கிறாள் கினாந்தி. இருமல் தானாக நின்றுவிடும். எந்திரம் தொடங்கும்போது, டிஸ்கில் தப்பு இருக்கிறது, சரி செய்யட்டுமா என்று கேட்கிறது. மரியாதையான எந்திரம். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஆமாம், ஆமாம் என்று பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டேன்.

நீ கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

---

பாத்தாம்
22 நவம்பர் 1999

மாமா,

கோழி, மீன், முழங்கால் எதுவும் வேண்டாம். எந்திரத்தை இப்போதே அணையுங்கள். கோ லியோங்கிடம் எடுத்துக்கொண்டு போங்கள். குரல் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

லஸ்தினி

---

சுரபாயா
3 டிசம்பர் 1999

லஸ்தினி,

இல்லை.

பெயர் மட்டும் திரையில் நிற்கிறது. அழுத்தினால் ஒன்றும் வருவதில்லை. உன் கடிதம் வந்த அன்றே மழைக்கு உரச் சாக்கைப் போர்த்தி, எந்திரத்தைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்து, பேசாக் ரிக்‌ஷாவில் கோ லியோங் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் இரண்டு முழு நாள் கடையில் வேறு யாருக்கும் முகம் கொடுக்காமல் பார்த்தார். கோப்பு துண்டு துண்டாகச் சிதறி, துண்டுகளின்மேல் வேறு எதுவோ எழுதப்பட்டிருக்கிறதாம். மீட்ட துண்டுகளைப் போட்டுக் காட்டினார். மணலைத் தகரத்தில் கொட்டுகிற சத்தம். அதில் பிரமுஜி இல்லை.

எப்படி நடந்தது என்று நீ கேட்பாய். சொல்லிவிடுகிறேன். நான்தான். நீ சொன்னபடி கேட்டு இறக்கி வைத்திருந்தேன், அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என் கொழுப்பு. போன வாரம் தோயிப் வாசலில் வந்து நின்று மறுபடி கழுதை என்றான். அவன் தலை மறைந்ததும் மூடியைத் திறந்து தொப்பியைப் பிடுங்கி 133-இல் செருகினேன். 600 வேகம்! சுரபாயாவில் எவனும் பார்க்காத வேகம். கொஞ்ச நேரம் ஓடியது, பேய் மாதிரி. அப்புறம் புகை. கூரையைத் தொட்ட புகை. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாமா என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். அந்தச் சூட்டில்தான் டிஸ்க் போயிற்று.

திட்டு. என்ன வேண்டுமானாலும் எழுது. அத்தையிடம் கொடுக்காமல் நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

கினாந்தி முதல் இரண்டு நாள், "அப்பா போடு" என்று கேட்டாள். என்ன சொல்வது? "அப்பாவுக்கு வேலை கிடைச்சிடுச்சும்மா. இனிமே பேசிப் பழக வேண்டாம்" என்றேன். கை தட்டினாள். அப்புறம் கேட்கவில்லை.

மாமா

---

பாத்தாம்
14 டிசம்பர் 1999

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் உங்களைச் சபித்தேன். எழுத்தில் வைக்க முடியாத வார்த்தைகள். ஸீத்தி என் வாயைப் பொத்தினாள். அந்தக் கோபத்தோடேயே, எங்கள் பிரிவில் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஹார்தோனோ என்பவரிடம் போய், 133-இல் வைத்தால் டிஸ்க் எப்படிச் சாகும் என்று கேட்டேன். உங்களைத் திட்ட இன்னும் நல்ல வார்த்தைகள் கிடைக்கும் என்றுதான் போனேன்.

அவர் சிரித்துவிட்டார். "300 சில்ல 600-ல ஓட்டுனாரா? திரையில ஒரு எழுத்துகூட வராதும்மா. எழுத்தே வராத எந்திரம் டிஸ்க்ல எத அழிக்கும்?" என்றார். வேறு எங்கே வைத்திருந்தார் உங்க மாமா என்று கேட்டார். முதலில் 100, பிறகு 83 என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் சொன்னதை நீங்கள் ஓட்டிய வண்டியை வைத்தே சொல்கிறேன். பிராசஸரையும் டிஸ்க் போகும் பாதையையும் ஒரே அச்சுத்தான் சுற்றுகிறது. 66-க்கு ஒரு கியர் இருக்கிறது. 100-க்கும் ஒன்று இருக்கிறது. அந்த இரண்டிலும் டிஸ்கின் பாதை தனக்கு உரிய வேகத்தில்தான் போகும், பிராசஸர் எவ்வளவு ஓடினாலும் சரி. நடுவில் இருக்கிற 75-க்கும் 83-க்கும் கியர் கிடையாது. அங்கே வைத்தால் டிஸ்கின் பாதையும் சேர்ந்து தாறுமாறாக ஓடும். சூடு இருக்காது, சத்தம் இருக்காது. எழுதுவது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பாக எழுதும். "100-லயே விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா. நடுவுல வெக்கச் சொன்னது யாரு?" என்றார்.

செத்ததைப் பொறுக்கும் என் தொட்டிக்கே திரும்பிப் போனேன்.

பாதியாவது குறையுங்கள் என்று எழுதியது என் கை. நடுவில் எங்காவது வையுங்கள் என்று எழுதியதும் அதுதான். சூட்டில் செத்ததைப் பொறுக்கிப் பொறுக்கி, சூட்டைத் தவிர வேறு சாவு இல்லை என்று நினைத்துவிட்டேன்.

நீங்கள் 133 வைத்ததாகச் சொல்வது நவம்பர் கடைசியில். நெல் கிறுக்கலாக முளைத்ததும் அவர் குரலில் வெடித்ததும் அதற்கு முன்னாடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நேற்று பூத்திலிருந்து போன் செய்த அத்தையிடமும் கேட்டேன். "எறக்கி வெச்ச அன்னிக்கே ஸ்க்ரூ டிரைவர நான் அரிசி டப்பாவுக்குள்ள பொதைச்சுட்டேன். உங்க மாமா அதுக்கப்புறம் மூடியத் தொடல. ஏன் கேக்கற?" என்றாள். புகையைப் பற்றிக் கேட்டேன். "எந்தப் புகை?" என்றாள். கோ லியோங் இரண்டு நாள் பார்த்தார் என்று எழுதினீர்கள். 83-ஐப் பார்த்த அவர் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்க முடியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதியிருக்கிறீர்கள்.

லெபரானுக்கு வந்தால் கினாந்தி என்னிடம் கேட்பாள், அப்பாவும் உன்னோடு வேலைக்கு வருகிறாரா என்று. அதற்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொள்கிறேன். அது என் பாடு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆமாம், 83-தான் என்று ஒரு வரி எழுதுங்கள். செய்தது நான் என்று தெரிந்தபின், நீங்கள் கட்டிய பொய்க்குள் என்னால் உட்கார முடியவில்லை. மூச்சு முட்டுகிறது. ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் மாமா. நான் தாங்கிக்கொள்வேன்.

லஸ்தினி

---

சுரபாயா
22 டிசம்பர் 1999

அன்பு மருமகள் லஸ்தினிக்கு,

யார் அந்த ஹார்தோனோ? அவன் இங்கே இருந்தானா? நான் இருந்தேன். பாத்தாமில் குளிர் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு சுரபாயாவில் புகை வரவில்லை என்று சொல்ல அவன் என்ன ஜோசியனா?

133-தான்.

அத்தை பேச்சை எடுத்துக்கொள்ளாதே. அரிசி டப்பாவில் புதைத்தாளாம். முப்பது வருஷமாக இந்த வீட்டில் அவள் எதை எங்கே ஒளித்தாலும் அரிசி டப்பாதான், எனக்குத் தெரியாதா? தவிர, ஸ்க்ரூவைத் திறக்க எனக்கு டிரைவர் எதற்கு? பெமோ எஞ்சினையே பத்துக்காசு நாணயத்தால் பிரித்தவன் நான். அவள் அன்று சந்தைக்குப் போயிருந்தாள். புகை அவள் வருவதற்குள் போய்விட்டது.

கோ லியோங் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். அது உனக்கே தெரியும்.

83 என்று நானே எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறது என்பாய். இருக்கட்டும். அது பொய். வெள்ளத்தில் பதினெட்டுப் பேரையும் ஆட்டையும் ஏற்றிக்கொண்டு போனேன் என்றும் அதே கடிதத்தில்தானே எழுதியிருந்தேன்? அதை நீ நம்பினாயா? பெமோவில் ஏழு பேருக்குமேல் உட்கார முடியாது. பிறந்ததிலிருந்து என்னைத் தெரியும் உனக்கு, எந்தக் கடிதத்தில் உண்மை எழுதியிருக்கிறேன்? அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயே. நீ இறக்கு என்றாய், நான் இறக்கவே இல்லை. உன் பேச்சை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? 100-இலேயே விட்டிருந்தேன். நடுவில் என்றெல்லாம் எதுவும் கிடையாது. பிறகு 133. அவ்வளவுதான் கதை.

இது சந்து முழுக்கத் தெரியும். நானே சொன்னேன், ஒவ்வொரு வாசலிலும் நின்று. தோயிப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அறுநூறா? அண்ணே, அது கம்ப்யூட்டரா, மண்ணெண்ணெய் அடுப்பா?" என்றான். சுனார்தோ இப்போது அவனிடம்தான் டைப் அடிக்கிறான், நெல்லை முதலிலிருந்து நடுகிறான். சின்னப் பையன்கள் என்னைக் கண்டால், "நூத்தி முப்பத்திமூணு!" என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். முதலில் கல்லை எடுத்தேன். இப்போது கையைத் தூக்கிக் காட்டுகிறேன். மீன்காரிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். என் சொந்தப் பெயர் சொல்லிக் கேட்டால் இனி நம் வீட்டை யாரும் காட்டமாட்டார்கள்.

எந்திரத்தை உன் கட்டிலுக்குக் கீழே துணி சுற்றி வைத்திருக்கிறேன். முன்னறையை மூடியாகிவிட்டது. மழை பெய்தால் அங்கே கினாந்தி விளையாடுகிறாள், ஒன்றும் பேசாமல்.

லெபரானுக்குக் கப்பல் ஏறும்போது கம்பளி எடுத்துக்கொள், மேல்தளத்தில் காற்று அடிக்கும். தஞ்சோங் பேராக்கில் இறங்கிப் பெமோ பிடி. சந்து முனையில் வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துக் கேட்பான், "நூத்தி முப்பத்திமூணு வீடாம்மா?" என்று. கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

ஆமாம் என்று சொல்லி இறங்கு.

மாமா